தெய்வாத்தாளின் கோபமில்லாத முகம்

கணபதி வட்டாரத்தில் பம்புசெட்டுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் லேத்துப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற ஒரு சந்தில் தெய்வாத்தாள் குடியிருந்தாள். அவளுக்குக் கோபமே வராது. ஆனால் அதை யாரும் நம்பியதில்லை. காரணம் அவள் முகம். இரண்டு புருவமும் நடுவில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். வாயின் இரண்டு ஓரமும் கீழே இழுத்துக் கட்டியது போலத் தொங்கும். கண்கள் பெரியவை, அவற்றை அவள் அதிகம் இமைப்பதும் கிடையாது. சந்தோஷம் வந்தாலும் அதே முகம், தூக்கம் வந்தாலும் அதே முகம். டிவியில் தொடர் பார்த்து அழும்போதுகூட, யாரையோ உதைக்கப் புறப்பட்டவளின் முகத்தில் கண்ணீர் மட்டும் வழிதவறி வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

இதில் சில சௌகரியங்கள் இருந்தன. ரேஷன் கடையில் அவள் பையை நீட்டினால் எடை போடுகிறவர் தானாகவே இன்னொரு கை சர்க்கரை அள்ளிப் போடுவார். மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய், "பாப்பா எப்படீங்க படிக்கிறா?" என்று கேட்க வாயெடுப்பதற்குள் கணக்கு டீச்சர் எழுந்து நின்று, "இனிமே நல்லாச் சொல்லித் தர்றேனுங்க" என்பார்.

சௌகரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தெய்வாத்தாளுக்குப் பேச வேண்டும். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மகளுக்கு எங்கே வரன், காந்திபுரத்தில் எந்தக் கடையில் தள்ளுபடி என்று ஒருத்தரோடு ஒருத்தர் வாயாடிக்கொண்டே போகும் பெண்களை டவுன் பஸ்ஸில் பார்த்தால் அவளுக்கு நாக்கு ஊறும். ஆசையாகத்தான் அவர்களைப் பார்ப்பாள். அவள் பார்த்ததும் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே காந்திபுரம் போய்ச் சேரும்.

தொண்ணூற்றாறாம் வருஷத்தில் ஒரு நாள் அந்தக் காலி இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு விடாமல் தெய்வாத்தாளின் முகத்தை நகைக்கடைக்காரர் வளையலைப் பார்ப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து பார்த்தாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு உங்க மூஞ்சி வேணுங்க."

"எதுக்கு கண்ணு?"

"ஆராய்ச்சிக்குங்க."

தெய்வாத்தாள் யோசித்தாள். தன்னிடம் வந்து ஒருத்தி ஒன்றைக் கேட்கிறாள் என்பதே அவளுக்குப் பெரிய விஷயம். "எடுத்துக்க கண்ணு. ஆனா பொழுதோட திருப்பிக் குடுத்துரோணும். ஊட்டுக்காரருக்குச் சோறு போடோணுமல்ல."

அந்தப் பெண் நஃபீசா. கோட்டைமேட்டுக்காரி. ஒரு கல்லூரியில் மனோதத்துவத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். பஸ் காந்திபுரம் போய்ச் சேர்வதற்குள் தன் ஆராய்ச்சியை விளக்கிவிட்டாள். ஒரு முகத்தைக் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாகத் திரையில் காட்டி, உடனே அதே இடத்தில் வேறொரு முகத்தைக் காட்டினால், பார்க்கிறவருக்கு இரண்டாவது முகம் மட்டும்தான் தெரியும். முதலாவதைப் பார்த்ததாகவே அவருக்குத் தோன்றாது. ஆனாலும் சிலருக்கு உள்ளங்கை லேசாக வேர்த்துவிடுகிறது. அப்படியென்றால் ஆளுக்குத் தெரியாமலே மூளை அதைப் பார்த்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

"மூளைக்குள்ள பாதாம்பருப்பு மாதிரி ஒண்ணு இருக்குதுங்க்கா. பயம், பதட்டம்னா மொதல்ல முழிச்சுக்கறது அதுதான்னு சொல்றாங்க."

"அந்தப் பருப்பு எல்லார்த்துக்கும் இருக்குதா கண்ணு?"

"எல்லார்த்துக்குந்தானுங்க. ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு."

"எங்க ஊட்டுக்காரருக்கு?"

"அவருக்குந்தானுங்க."

தெய்வாத்தாள் அதை நம்பவில்லை. ஆனால் இவ்வளவு நேரம் ஒருத்தி தன்னோடு பேசிக்கொண்டே வந்ததில் மனம் குளிர்ந்துபோய் ஒப்புக்கொண்டாள். நஃபீசாவுக்கு அதுவரை கிடைத்திருந்தவை வெளிநாட்டுப் படங்கள். அவற்றைக் காட்டினால் நம் ஊர்க்காரர்கள், "இந்தத் தொரைக்கு வயித்து வலியாட்ட இருக்குதே" என்று சிரித்தார்களாம். உள்ளூர் முகம் ஒன்று அவசரமாக வேண்டியிருந்தது.

உக்கடத்தில் நஃபீசாவின் தாய்மாமா சிக்கந்தர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். தெய்வாத்தாள் உள்ளே நுழைந்ததும் அவர் கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்துவிட்டு மருமகள் காதோரம் கேட்டார். "அவங்க ஏம்மா கோவமா இருக்காங்க? ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டியா?"

"அவங்க சந்தோஷமா இருக்காங்க மாமு."

"யா அல்லாஹ்" என்றார் சிக்கந்தர்.

முதலில் சந்தோஷ முகம் எடுக்க வேண்டும். மகள் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியதை நினைத்துக்கொண்டு தெய்வாத்தாள் சிரித்தாள். உதடு மேலே போனது. புருவம் வர மறுத்துவிட்டது. பாத்திரம் திருட வந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டவள் சிரிப்பது போல இருந்தது. சிக்கந்தர் இரண்டடி பின்னால் போய், "இது வேண்டாம்மா, கேமராவே ஆடுது" என்றார்.

அடுத்தது பயம். இருட்டறையிலிருந்து ஒரு கரப்பான்பூச்சியைப் பிடித்துவந்து தெய்வாத்தாளின் காலடியில் விட்டார்கள். கேமராவுக்குப் பின்னால் சிக்கந்தர் தயாராக நின்றார். முகத்தில் ஒரு சதையும் அசையாமல் தெய்வாத்தாள் செருப்பைக் கழற்றி ஒரே போடாகப் போட்டாள்.

"உள்ள இன்னும் இருந்தாச் சொல்லுங்க பாய். அடிச்சுப்போட்டே போறேன்."

கடைசியில் நஃபீசா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, இப்பக் கோவமா ஒண்ணு."

"கோவமா? எனக்குக் கோவம் வராதே கண்ணு. மூஞ்சிய எப்படி வெச்சுக்கோணும்?"

கிளிக் என்றது கேமரா.

"முடிஞ்சுதுங்க்கா."

"நான் இன்னும் கேட்டே முடிக்கலயே!"

அந்த வாரக் கடைசியில் படத்தைக் கழுவி எடுத்தபோது அதன் அடியில் 'கோபம்' என்று எழுதியிருந்ததைத் தெய்வாத்தாள் படித்தாள். நம் முகத்தில் ஏதோ அருமையைக் கண்டுதான் இந்தப் பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"நான் உன்னக் கேள்விதான கண்ணு கேட்டுட்டு இருந்தேன்" என்றாள்.

நஃபீசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்புதானுங்க்கா. மொதல்லயே சொல்லியிருக்கோணும். வேண்டாம்னா கிழிச்சுப்போட்டறேன்."

"அழுகாதே கண்ணு" என்று தெய்வாத்தாள் அவளைத் தேற்றக் குனிந்தாள். அந்த முகம் அத்தனை கிட்டத்தில் வந்ததும் நஃபீசா இன்னும் கொஞ்சம் அழுதாள். பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். கிழிக்க வேண்டாம் என்று தெய்வாத்தாளே சொல்லிவிட்டாள். எத்தனையோ பேர் இலவசமாகப் பார்த்துப் பயந்த முகம். ஒரு படிப்புக்காவது உதவட்டும் என்று நினைத்தாள்.

கோப முகத்துக்குப் பின்னால் காட்ட ஒரு சாதுவான முகமும் வேண்டுமல்லவா? அதற்குச் சிக்கந்தரையே உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அவர் முகம் அப்போதுதான் வேகவைத்து இறக்கிய இட்லி போல இருக்கும். எந்த உணர்ச்சியும் அதில் ஒட்டாது.

இரண்டு ஸ்லைடு புரொஜெக்டர்கள், படத்தைச் சட்டென்று காட்டி மறைக்கச் சிக்கந்தரின் பழைய கேமராவிலிருந்து கழற்றிய ஷட்டர், விரல்களில் மாட்டும் ஒயர்கள், வேர்வை கூடினால் காகிதத்தில் மேலே துள்ளும் ஒரு பேனா. இவைதான் நஃபீசாவின் ஆய்வுக்கூடம். ஷட்டரை அசையாமல் பிடிக்க ஓர் இரும்புத் தாங்கி வேண்டியிருந்தது. அதைத் தெய்வாத்தாளின் வீட்டுக்காரர் மருதாசலம் தன் பட்டறையில் கடைந்து கொடுத்தார். மனைவியின் படத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பட்டறை அதிரச் சிரித்தார்.

"ஊரே இவளப் பாத்துப் பயப்படட்டும். பயப்படாத ஆளு நான் ஒருத்தந்தானுங்க!"

சோதனைகள் ஆரம்பித்தன. தெய்வாத்தாள் தினமும் ஒரு டப்பாவில் முறுக்கு எடுத்துக்கொண்டு போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "ஒரு பாய் படம் தெரிஞ்சுதுங்க. நல்ல மனுசனாட்ட இருக்கறாரு." அவர்கள் அப்படிச் சொல்லும்போதே பேனா காகிதத்தில் துள்ளிக்கொண்டிருக்கும். துறைத் தலைவர் வெங்கடபதியும் உட்கார்ந்து பார்த்தார். அவரும் பாயைத்தான் பார்த்தார். அவருக்கும் பேனா துள்ளியது. எழுந்து வெளியே வந்தவர், தாழ்வாரத்தில் தெய்வாத்தாள் முறுக்கு டப்பாவை நீட்டியதும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஏனுங்க, நாம எங்கியோ பாத்திருக்கறமுங்களா?"

"இப்பத்தானுங்க பாத்தீங்க" என்றாள் தெய்வாத்தாள். அவர் முறுக்கை எடுக்காமலே போய்விட்டார்.

இரண்டாவது சுற்றில் நஃபீசா ஒரு வேலை சேர்த்தாள். படம் ஓடும்போதே டேப்ரிக்கார்டரில் 'டிங்', 'டொங்' என்று மணிச்சத்தம் வேகமாக வரும். பார்க்கிறவர் 'டிங்'கை மட்டும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி எண்ணிக்கொண்டிருந்தவர்களில் பலருக்குத் தெய்வாத்தாளின் முகம் வந்து போனபோது பேனா துள்ளவில்லை. சோம்பலாகக் கோடு போட்டுக்கொண்டே போனது.

"கவனம் முழுக்க வேற பக்கம் போயிருச்சுன்னா மூளைக்கு இந்த மூஞ்சியப் பாக்க ஒழிவு இருக்கறதில்லீங்க்கா" என்றாள் நஃபீசா. "இல்ல, எவ்வளவு சோலி இருந்தாலும் பயங்காட்டற மூஞ்சி உள்ள பூந்துரும்னு சொல்றவங்களும் இருக்காங்க. அதுல பெரிய சண்டையே நடக்குது."

தெய்வாத்தாள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். "கிரிக்கெட் ஓடறப்ப நான் டிவிக்கு முன்னால நின்னா எங்க ஊட்டுக்காரரு என்னையப் பாக்காம என்ற இடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறாரே, அதுவும் இதுதானா?"

"ஏறக்குறைய அதுதானுங்க்கா."

"நான் திமிருன்னுல்ல நெனச்சேன்."

மருதாசலம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். முதல் ஆளாக என்னை வைத்துப் பார்த்திருந்தால் இந்த மிஷினுக்கே வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். விரல்களில் ஒயரை மாட்டினார்கள். விளக்கை அணைத்தார்கள். தெய்வாத்தாள் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஷட்டர் கிளிக் என்றது.

பேனா துள்ளியது. சும்மா துள்ளவில்லை, காகிதத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே போய் மரப்பெட்டியில் ஒரு கோடு இழுத்துவிட்டுத் திரும்பி வந்தது.

"என்ன தெரிஞ்சுதுங்கண்ணா?"

"அந்தப் பாய்தான். ஏனம்மணி, பாயப் பாத்து நான் எதுக்குப் பயப்படப் போறேன்? மிஷினு ரிப்பேராட்ட இருக்குது."

மறுபடி காட்டினார்கள். மறுபடியும் பேனா பெட்டியில் ஏறியது. மிஷின் சரியாகத்தான் இருக்கிறது, பாய்க்கு முன்னால் வந்து போன அக்காவின் முகத்துக்குத்தான் பேனா துள்ளுகிறது என்று நஃபீசா தயங்கிச் சொன்னாள். மருதாசலத்தின் முகம் செத்துப்போயிற்று. தெய்வாத்தாள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முறுக்கு டப்பாவை மூடிக் கையில் எடுத்தாள். "போலாமுங்க" என்றாள்.

வீடு வரும்வரை மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஊரார் பயந்தால் அவளுக்கு வருத்தம். வீட்டில் ஒரு ஆளாவது பயப்படவில்லை என்பதுதான் அவளுக்கு இருந்த ஆறுதல். அவர் பட்டறையில் சத்தம் போட்டுச் சொல்வதை அடுப்படியில் இருந்து கேட்டு எத்தனையோ நாள் மனசுக்குள் சிரித்திருக்கிறாள். அதுவும் பொய்தானா?

மருதாசலத்துக்கோ வேறு சங்கடம். அவள் கோபமாக இருக்கிறாளா, வருத்தமாக இருக்கிறாளா, குழம்புக்குப் புளி ஊறவைக்க மறந்ததை நினைத்துக்கொண்டிருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ராத்திரி சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் பயப்படல அம்மணி. அந்தப் பருப்பு பயப்பட்டுப்போச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?"

"பருப்பு உங்களுதுதானுங்க."

"என்னுதுதான். ஆனா என்னையக் கேட்டுட்டா துள்ளுது?"

தெய்வாத்தாள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பட்டறையைத் திறக்காமல் மருதாசலம் நேரே கல்லூரிக்குப் போனார். "என்ற பாதாம்பருப்புக்கு இன்னொரு சான்ஸ் குடு கண்ணு" என்று நஃபீசாவிடம் கெஞ்சினார். இப்படிக் கெஞ்சிக் கேட்டு யாரும் சோதனைக்கு வந்ததில்லை. அவளிடம் மூன்றாவது சுற்று ஒன்று தயாராகத்தான் இருந்தது. இந்தத் தடவை முகத்தைச் சட்டென்று மறைக்க மாட்டாள். பார்க்கிறவர் நன்றாகப் பார்த்து, யார் என்று தெரிந்துகொள்ளும் வரை திரையிலேயே நிற்கும். தெரியாமல் பார்ப்பதற்கும் தெரிந்து பார்ப்பதற்கும் மூளை ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் வரச் சொன்னாள்.

சாயங்காலம் தெய்வாத்தாளும் வந்திருந்தாள். வழக்கம்போல முறுக்கோடு திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தாள். அது மருதாசலத்துக்குத் தெரியாது. அவர் கோவிலுக்கு வந்தவர் போலச் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. திரையில் தெய்வாத்தாளின் முகம், ஆளுயரத்துக்கு, முட்டிய புருவத்தோடு, தொங்கிய வாயோடு வந்து நின்றது.

பேனா விருட்டென்று மேலே போனது. நஃபீசா உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரைச்சீலையின் இடுக்கு வழியாகத் தெய்வாத்தாள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்ப்பதை அவர் அறியாமல் பார்ப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை. அவர் கண்ணைச் சுருக்கினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு அவர் தோள் தளர்ந்தது. தினமும் மத்தியானம் பட்டறையிலிருந்து வந்து வாசற்படியில் காலை வைத்ததும் கேட்பாரே, அதே குரலில் திரையைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்டியா அம்மணி?"

பேனா இறங்கியது. படம் நின்ற நேரமெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஏதோ யோசித்துவிட்டு அவர் படத்திடம் மறுபடியும் பேசினார். "வெசனப்படாத. பருப்பு ஒரு முட்டாப் பருப்பு. அதுக்கு உன்னையத் தெரியாது."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து முறுக்கு டப்பா கீழே விழுந்து உருண்டு வந்தது. மருதாசலம் எழுந்த வேகத்தில் ஒயர்கள் பிடுங்கிக்கொண்டன. பேனா கடைசியாக ஒரு முறை பெட்டியில் ஏறி உடைந்தது. தெய்வாத்தாள் வெளியே வந்து நின்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தில் இரண்டுமே தெரியவில்லை.

"இன்னும் சாப்பிடலீங்க" என்றாள்.

இந்தச் சோதனையை நஃபீசாவால் ஆய்வில் சேர்க்க முடியவில்லை. படத்தோடு பேசக்கூடாது என்பது விதி; ஒரே ஒருவரின் உள்ளங்கையை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது என்று வெங்கடபதி சொல்லிவிட்டார். உடைந்த பேனாவுக்குப் பதிலாக மருதாசலம் தன் செலவில் ஒன்று வாங்கிக் கொடுத்தார். மற்றவர்களின் கைவேர்வையை வைத்தே நஃபீசா இரண்டு வருஷத்தில் டாக்டர் பட்டம் வாங்கினாள். அவள் ஆய்வேட்டில் தெய்வாத்தாளின் படம் முழுப்பக்கத்துக்கு வந்தது. அதன் அடியில், 'படத்தில் இருப்பவர் கோபமாக இல்லை' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். மேற்பார்வையாளர்கள் அதை நீக்கச் சொல்லியும் நீக்கவில்லை.

தெய்வாத்தாளுக்கு அந்தச் சாயங்காலச் சோதனையில் ஒன்று பிடிபட்டது. யாரென்று தெரிந்துவிட்டால் மனுஷருக்குப் படபடப்பு இறங்கிவிடுகிறது; அப்படியானால் அவர்களாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் ஆயிற்று.

அடுத்த தை மாதம் அவள் தங்கை மகன் அருள்குமாருக்குப் பெண் பார்க்கச் சோமனூருக்குப் போனார்கள். அதுவரை குடும்பத்தில் யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும் தெய்வாத்தாளை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். இந்த முறை அவளே வேனில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். பெண் வீட்டு வாசலில் எல்லாருக்கும் முன்னால் இறங்கி, வரவேற்க வந்தவர்கள் பின்வாங்குவதற்குள் கையைக் கூப்பினாள்.

"வணக்கமுங்க. நான் பையனுக்குப் பெரியம்மாங்க. மூஞ்சிதானுங்க இப்படி. உள்ளுக்குள்ள நெம்ப சந்தோசமா இருக்கறேன்."

பெண்ணின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தறிச்சத்தத்தில் காது மந்தமான பெண்ணின் பெரியப்பா என்னவென்று கேட்க, அவருக்குச் சத்தமாகச் சொன்னார்கள், அவரும் சிரித்தார். பஜ்ஜியும் கேசரியும் வந்தன. மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்கக்கூட மறந்துவிட்டு, பெண்ணின் அம்மா தெய்வாத்தாளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சோமனூரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். வேன்காரர் வெளியே ஹாரன் அடித்துப் பார்த்தார். இரண்டு தடவை மருதாசலமே வந்து, "போலாமா அம்மணி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இருங்க, இவங்க நாத்தனார் கதை இன்னும் முடியலீங்க" என்றாள் தெய்வாத்தாள்.